சிக்கலில் இருக்கும் மூத்த நட்சத்திரத்தைச் சென்னையின் எஃப்சி சேர்த்துக்கொள்ளலாமா?

பெரம்பூர் நீலம் (இழையைத் தொடங்கியவர்):

அனைவருக்கும் வணக்கம். இத்தாலிய முன்கள வீரர் மரியோ பாலோடெல்லியைச் சேர்த்துக்கொள்ளும் வாய்ப்பு 2024ஆம் ஆண்டில், நம் சென்னையின் எஃப்சியைப் போலவே இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கால்பந்துப் போட்டியில் ஆடும் கேரளா பிளாஸ்டர்ஸுக்கு வந்தது என்றும், அவருடைய ஒழுங்கு குறித்த பழைய வரலாற்றை எண்ணி அந்த கிளப் வேண்டாமென்று விட்டுவிட்டது என்றும் அப்போது செய்திகள் வெளியாயின. அந்த அக்டோபரிலேயே இத்தாலியின் ஜெனோவா கிளப் அவரைச் சேர்த்துக்கொண்டது. சில ஆட்டங்களில் மாற்று வீரராக இறங்கினார். கோல் எதுவும் அடிக்கவில்லை. 2012 யூரோ அரையிறுதியில் இரண்டு கோல் அடித்து ஜெர்மனியை வீழ்த்திய அதே மனிதர் அவர். அந்த ஆட்டத்தை நள்ளிரவுக்கு மேலும் விழித்திருந்து பார்த்த நம்மில் பலருக்கு அந்தச் செய்தி வருத்தமாகத்தான் இருந்திருக்கும்.

என் கேள்வி அவர் ஒருவரோடு நிற்பதில்லை. ஒரு காலத்தில் உலகமே பேசிய, இப்போது முப்பத்தைந்தை நெருங்கிய அல்லது கடந்துவிட்ட, மது, மனச்சோர்வு, தடை, பயிற்சியாளரோடு மோதல் என்று ஏதோ ஒன்றால் கிளப் விட்டு கிளப் மாறிக்கொண்டிருக்கும் ஒரு வீரர் நாளை நம் அணிக்கு வரத் தயார் என்று சொன்னால், நாம் என்ன விடை சொல்ல வேண்டும்?

சேர்த்துக்கொள்ளலாம் என்பதே என் எண்ணம். மூத்த வீரர்களின் தோளில் ஏறித்தான் இந்த கிளப் பிறந்தது. 2014இல் உலகக் கோப்பை வென்ற இத்தாலியின் மார்கோ மாத்தராசி 41 வயதில் பயிற்சியாளராகவும் வீரராகவும் வந்தார். முந்தைய ஆண்டே ஓய்வு பெற்றுவிட்ட அலெசாண்ட்ரோ நெஸ்தாவை அவர் மீண்டும் களத்துக்கு அழைத்துவந்தார். 33 வயதில் வந்த பிரேசிலின் எலானோ எட்டு கோல்கள் அடித்து முதல் சீசனில் அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணியைப் பெற்றார், நாம் லீக் பட்டியலில் முதலிடம் பிடித்தோம். வயதையும் கோபத்தையும் மட்டும் பார்த்திருந்தால் பெரியமேட்டு நேரு அரங்கில் அந்த ஃப்ரீ கிக்குகளை நாம் பார்த்திருக்கவே முடியாது. மற்றவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

சூளை நடுவர்:

நண்பரே, நீங்கள் சொன்ன நினைவுகள் அனைத்தும் எனக்கும் உரியவை. ஆயினும் 2014இன் கணக்கை வைத்துக்கொண்டு இன்றைய அணியைக் கட்டக் கூடாது என்பதை அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதல் சீசனில் எட்டு அணிகள் இருந்தன. ஓர் அணிக்கு லீக் ஆட்டங்கள் 14தான். அக்டோபர் நடுவில் தொடங்கிய போட்டி டிசம்பருக்குள் முடிந்தது. ஓய்வு பெற்ற ஒரு வீரர் தம் குடும்பத்தை ஐரோப்பாவில் விட்டுவிட்டு இரண்டு மாதம் இங்கே தங்கி, இருக்கிற திறமையையெல்லாம் செலவழித்துவிட்டுத் திரும்புவதற்கு அது பொருத்தமான அமைப்பு. 2024-25 சீசனில் 13 அணிகள் ஆடின, ஓர் அணிக்கு 24 லீக் ஆட்டங்கள். செப்டம்பரில் தொடங்கி அடுத்த ஆண்டின் வேனில் வரை, குவாஹாட்டிக்கும் ஜாம்ஷெட்பூருக்கும் கொல்கத்தாவுக்கும் பறந்து பறந்து ஆட வேண்டியிருந்தது. 36 வயதுத் தொடைத் தசை அதைத் தாங்குவதே அரிது. மனமும் சோர்ந்திருந்தால் பாதிச் சீசன் சிகிச்சை மேசையிலேயே கழியும்.

அடுத்தது இட நெருக்கடி. அன்று களத்தில் ஆறு வெளிநாட்டவர் ஆடலாம். ஒருவர் சொதப்பினாலும் ஐவர் இருந்தார்கள். 2021-22 முதல் களத்தில் நான்கு பேருக்குத்தான் அனுமதி. அந்த நான்கில் ஒன்றை, திங்கட்கிழமைப் பயிற்சிக்கு வருவாரா மாட்டாரா என்று தெரியாத ஒருவருக்குக் கொடுப்பது மற்ற பத்துப் பேருக்கும் இழைக்கும் அநீதி.

இன்னொன்றையும் நினைவுபடுத்துகிறேன். 2018 மார்ச்சில் பெங்களூருவில், பெங்களூரு அணியையே 3-2 என வென்று நாம் இரண்டாவது கோப்பையைத் தூக்கினோம். அந்த அணியில் உலக நட்சத்திரம் என்று சொல்லும்படி எவரும் இல்லை. தலைமை தாங்கிய சேரேனோ, இரண்டு கோல்களைத் தலையால் முட்டிய மைல்சன் ஆல்வெஸ், முப்பத்தைந்தைக் கடந்தும் ஒவ்வொரு பயிற்சியிலும் முதலில் நின்ற இனிகோ கால்டெரோன், அரையிறுதியில் கோவாவுக்கு எதிராக இரண்டு கோல் அடித்த ஜேஜே. பயிற்சியாளர் ஜான் கிரெகரி இவர்களைக் கொண்டு அணி கட்டினார். அதற்கு முந்தைய 2016இல் ஐரோப்பாவின் சாம்பியன்ஸ் லீக் வென்ற நார்வேயின் ரீசேயை மார்க்யூ வீரராக, அதாவது அணியின் முகமான பெரிய பெயராக, வைத்துக்கொண்டு நாம் எட்டு அணிகளில் ஏழாவதாக முடித்தோம். ரீசே எந்தச் சிக்கலும் இல்லாத மனிதர் என்பதையும் கவனியுங்கள். சிக்கலற்ற நட்சத்திரமே அணியைத் தூக்கி நிறுத்தவில்லை என்றால், சிக்கலுள்ளவரிடம் எதை எதிர்பார்ப்பது?

பி ஸ்டாண்ட் வாசகர்:

கோல்களை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் எப்படி? இருக்கைகள் காலியாகக் கிடக்கின்றனவே, அதையும் எண்ண வேண்டாமா? 1979இல் ஸ்காட்லாந்தின் ஹிபெர்னியன் கிளப் மான்செஸ்டர் யுனைடெட்டின் முன்னாள் நட்சத்திரம் ஜார்ஜ் பெஸ்ட்டைச் சேர்த்தபோது அவருக்கு 33 வயது. குடிப்பழக்கம் ஊரறிந்த செய்தி. ஆட்டத்துக்கு 2,000 பவுண்டு கொடுத்தார்கள். அவர் சொந்தத் திடலில் முதன்முறை இறங்கிய நாளில் 20,000க்கும் மேற்பட்டோர் திரண்டார்கள், அதற்கு முன் வந்துகொண்டிருந்த கூட்டத்தைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு. சென்னையில் ஒரு தலைமுறை கிரிக்கெட்டைத் தவிர வேறெதையும் அரங்குக்குச் சென்று பார்ப்பதில்லை. அவர்களை ஒரே ஒருமுறை சேப்பாக்கத்திலிருந்து பெரியமேட்டுக்குத் திருப்ப ஒரு பெரிய பெயர் வேண்டும். வந்தவர்களில் பத்தில் ஒருவர் தங்கினாலும் கிளப்புக்கு அது நீண்ட காலச் சொத்து.

சூளை நடுவர்:

அந்தக் கதையின் மீதியையும் சொல்லிவிடுங்கள். குடித்துவிட்டு ஆட்டத்துக்கு வர முடியாமல் போனதால் அதே சீசனிலேயே ஹிபெர்னியன் பெஸ்ட்டை நீக்கியது. பிறகு திரும்பவும் அழைத்துக்கொண்டது. அந்த சீசனின் முடிவில் கிளப் கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது. கூட்டம் அவரைப் பார்க்க வந்தது, அவர் போனதும் போய்விட்டது. இந்தியாவிலும் பார்த்தோம்: 2014இல் டெல்லிக்கு வந்த இத்தாலியின் தெல் பியரோ பத்து ஆட்டங்களில் ஒரே ஒரு கோல், 2017-18இல் கொச்சிக்கு வந்த பல்கேரியாவின் பெர்பட்டோவ் ஒன்பது ஆட்டங்களில் ஒரு கோல். அவர்கள் இருவரும் கண்ணியமானவர்கள். டிக்கெட் விற்பனைக்காக ஒரு நோயாளியைக் கொண்டுவந்து நிறுத்துவதை என் மனம் ஏற்கவில்லை.

மந்தைவெளி பிசியோ:

வணக்கம். விளையாட்டு வீரர்களின் காயங்களைக் கவனிக்கும் இயன்முறை மருத்துவர் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். நடுவர் ஐயா கடைசியாக எழுதிய "நோயாளி" என்ற சொல்லையே இந்த விவாதத்தின் தொடக்கமாக நான் எடுத்துக்கொள்கிறேன். நோயாளி என்று ஏற்றுக்கொண்டுவிட்டால், அடுத்த கேள்வி அவர் வேண்டுமா வேண்டாமா என்பதாக இருக்க முடியாது. அவரைக் கவனிக்க நம்மிடம் யார் இருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

பால் மெக்ராத்தைப் பற்றிப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அயர்லாந்தின் தடுப்பாட்டக்காரர். 1989இல் மான்செஸ்டர் யுனைடெட் அவரைக் கைகழுவத் தீர்மானித்தபோது அவருக்கு 29 வயதுதான். ஆனால் முழங்கால்கள் அறுவை சிகிச்சைக்குப் பின் அறுவை சிகிச்சையாகச் சிதைந்திருந்தன, குடி அவரை விழுங்கிக்கொண்டிருந்தது. பணம் கொடுத்து ஓய்வு பெறச் சொன்னார்கள். அவர் மறுத்தார். பயிற்சியாளர் கிரஹாம் டெய்லர் அவரைத் தம் கிளப்பான ஆஸ்டன் வில்லாவுக்கு 4 லட்சம் பவுண்டுக்கு வாங்கினார். அங்கே போனவுடன் எல்லாம் சரியாகிவிடவில்லை. தொடக்கத்திலேயே அவர் மோசமாகச் சரிந்தார். அப்போது கிளப் என்ன செய்தது என்பதைத்தான் நாம் படிக்க வேண்டும். ஜிம் வாக்கர் என்ற பிசியோ அவருக்கு ஏறத்தாழ முழுநேரத் துணையானார். மற்றவர்கள் ஓடிப் பயிற்சி செய்யும்போது மெக்ராத் சைக்கிள் மிதித்தார், சிகிச்சை பெற்றார், சனிக்கிழமை களத்தில் இறங்கினார். முழங்காலுக்கு ஓர் ஆட்டத்துக்கான உயிர்தான் இருக்கிறது என்றால் அதை வாரநாட்களில் செலவழிக்கக் கூடாது என்ற எளிய முடிவு அது. அவர் மதுவின் பிடியிலிருந்து விடுபட்டுவிடவில்லை; தவறிய நாட்களும் இருந்தன. ஆனாலும் ஏழு ஆண்டுகள் வில்லாவுக்கு ஆடினார். 1993இல் சக வீரர்கள் வாக்களித்துத் தரும் ஆண்டின் சிறந்த வீரர் விருதைப் பெற்றார். 1994 உலகக் கோப்பையில், 34 வயதில், இத்தாலியை அயர்லாந்து 1-0 என வென்ற ஆட்டத்தில் அவர் ஆடிய தடுப்பாட்டத்தை இன்றும் பயிற்சியாளர்கள் எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள்.

இதற்கு நேர்மாறானது இங்கிலாந்து வீரர் பால் காஸ்கோய்னின் கதை. 2003இல், 35 வயதில், சீனாவின் லான்ஜோ நகரில் கான்சு தியான்மா என்ற இரண்டாம் நிலை கிளப் அவரை அழைத்துக்கொண்டது. நான்கு ஆட்டங்கள், இரண்டு கோல்கள். மொழி தெரியாது, நண்பர்கள் இல்லை, குடும்பம் அருகில் இல்லை. மதுவுக்கும் மனச்சோர்வுக்கும் சிகிச்சை பெறுவதற்காக அமெரிக்காவுக்குச் சென்றுவிட்டார். அந்தப் பயணம் அத்தோடு முடிந்தது. கான்சு அவருக்குப் பந்தைக் கொடுத்தது, சம்பளத்தைக் கொடுத்தது. ஒரு ஜிம் வாக்கரைக் கொடுக்கவில்லை.

ஆகவே நம் கிளப்பின் முன் நான் வைக்கும் கேள்வி இது. ஒரு வீரருக்கென்று ஒரு பிசியோவையும் ஓர் உளவியல் ஆலோசகரையும் சீசன் முழுவதும் ஒதுக்க முடியுமா? மாலை ஆறு மணிக்குப் பயிற்சி முடிந்தபின், இரவு உறங்கும் வரை, அந்த மனிதர் யாரோடு இருப்பார்? வெளிநாட்டு வீரரை ஓர் உயர்தர விடுதி அறையில் தனியே விட்டுவிட்டு, அவர் தனிமையில் குடித்தார் என்று மறுநாள் வருந்துவதில் பொருளில்லை.

பெரம்பூர் நீலம்:

சகோதரி, நீங்கள் எழுதியதைப் படித்தபின் இரண்டு பிரேசில் வீரர்களின் கதையை ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. அத்ரியானோ தந்தையை இழந்தது 2004இல். அதன்பின் குடியும் மனச்சோர்வும் அவரைப் பற்றின. 2009இல் ஆட்டத்தில் மகிழ்ச்சியே இல்லை என்று சொல்லி இன்டர் மிலானை விட்டுத் தம் ஊரான ரியோவுக்குத் திரும்பினார். ஃபிளமெங்கோ அவரைச் சேர்த்துக்கொண்டது. அந்த ஆண்டே பிரேசில் லீக்கை வென்றது, அதிக கோல் அடித்தவர்களில் முதலிடத்தையும் அவர் பகிர்ந்துகொண்டார். மறுபடி 2010இல் இத்தாலிக்கு, ரோமா கிளப்புக்குப் போனார். ஒரு லீக் கோல்கூட இல்லாமல் 2011 மார்ச்சில் ஒப்பந்தம் முறிந்தது. கால்கள் அதே கால்கள்தாம். ஊர் மாறியது, எல்லாம் மாறியது.

ரொனால்டினோவை எடுத்துக்கொள்ளுங்கள். 2012இல் சம்பள பாக்கி என்று சொல்லி ஃபிளமெங்கோவை விட்டு வெளியேறியபோது அவர் முடிந்துபோனவர் என்று எழுதாத பத்திரிகை இல்லை. அத்லெட்டிகோ மினேரோ அவரை எடுத்தது. 2013 ஜூலையில் அந்த கிளப் தன் வரலாற்றில் முதன்முறையாக, தென் அமெரிக்க கிளப்களுக்கான லிபர்ட்டடோரஸ் கோப்பையை வென்றது. அவரை ஓடச் சொல்லாமல், அவரைச் சுற்றி ஓடக்கூடிய இளைஞர்களை வைத்து அணி அமைத்தார்கள். இது நடக்கக்கூடிய காரியம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சென்னை எவருக்கும் ரியோ ஆகாது என்பதை நான் மறுக்கவில்லை. எனினும் எலானோவுக்கு இந்த ஊர் அந்நியமாக இருக்கவில்லை. பிரேசில் நாட்டவர் பலர் உடனிருந்தார்கள். பேசவும் சமைத்துச் சாப்பிடவும் ஆட்கள் இருந்தார்கள். அணியில் ஏற்கெனவே இருக்கும் வெளிநாட்டவர் எந்த மொழி பேசுகிறார்கள் என்பதைப் பார்த்துத்தான் அப்படிப்பட்ட ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அயனாவரம் வழக்கறிஞர்:

இதுவரை பேசியவர்கள் "சிக்கல்" என்ற ஒரே பைக்குள் பலவற்றைப் போட்டுக் கட்டிவிட்டார்கள். அதைப் பிரித்து வைக்காமல் முடிவெடுக்க முடியாது.

தன்னையே அழித்துக்கொள்ளும் சிக்கல் ஒன்று: குடி, சூதாட்டம், மனச்சோர்வு. இவற்றுக்கு மந்தைவெளி மருத்துவர் சொன்னது பொருந்தும். ஆட்டத்தின் விதிகளை மீறும் சிக்கல் வேறு: தடைசெய்யப்பட்ட பொருள்கள், நடுவரோடு மோதல், தடைக்காலம். மூன்றாவது, பிறர்மீது வன்முறை, குறிப்பாக வீட்டிலிருக்கும் பெண்கள்மீது. இந்த மூன்றாவதில் நான் சிறிதும் இறங்கிவர மாட்டேன். நீதிமன்றத்தில் குற்றம் உறுதியானவரை, அவர் எவ்வளவு பெரிய வீரராக இருந்தாலும், நீலச் சட்டை அணிவித்துக் குழந்தைகளோடு கைகோத்துக் களத்துக்குள் நடக்கவைப்பது அந்தப் பெண்ணையும் அரங்கில் அமர்ந்திருக்கும் பெண்களையும் அவமதிப்பதாகும். "மறுவாழ்வு" என்ற சொல்லை அங்கே கொண்டுவருவதற்கு முன், யாருக்கு இழைத்த கொடுமைக்கு யார் மன்னிப்பு வழங்குவது என்று கேட்க வேண்டும். ரசிகர்களாகிய நமக்கு அந்த உரிமை இல்லை.

இரண்டாவது வகைக்கு இந்தியாவிலேயே முன்மாதிரிகள் உண்டு. 2013 டிசம்பரில் களத்தில் செய்த ஒரு சைகைக்காக ஐந்து ஆட்டத் தடை பெற்ற பிரான்ஸின் நிக்கோலா அனெல்காவை 2014இல் மும்பை சிட்டி சேர்த்தது. தடையின் மிச்சத்தை இங்கே அனுபவிக்க வேண்டியிருந்ததால் முதல் மூன்று ஆட்டங்களில் அவரால் இறங்கவே முடியவில்லை. மொத்தம் 14 லீக் ஆட்டங்கள் கொண்ட சீசனில் மூன்று ஆட்டம் சிறிய இழப்பல்ல. மும்பை ஏழாவதாக முடித்தது. ருமேனியாவின் அத்ரியான் முத்து 2015இல் புனேவுக்கு வந்தார். 2004இல் இங்கிலாந்தின் செல்சி கிளப்பில் இருந்தபோது கொக்கைன் பரிசோதனையில் சிக்கி ஏழு மாதத் தடை பெற்றவர். கிளப்புக்கு ஏறத்தாழ 1.7 கோடி யூரோ இழப்பீடு செலுத்த வேண்டுமென்று 2008இல் ஃபிஃபா தீர்ப்பளித்தது, மறு ஆண்டு விளையாட்டு நடுவர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. இதில் பலர் கவனிக்காதது ஒன்று உண்டு. செல்சி அவரை நீக்கிய பின்னர் யுவென்டஸும் ஃபியோரென்டினாவும் அவரை ஏற்றுக்கொண்டன. ஃபியோரென்டினாவில் பல ஆண்டுகள் சிறப்பாக ஆடினார், பின்பு 2010இல் அங்கேயே மற்றொரு பரிசோதனையில் சிக்கினார். மீண்டவர் மறுபடியும் விழலாம் என்பதை ஒப்பந்தம் எழுதும்போதே ஏற்றுக்கொண்டாக வேண்டும்.

சட்டப்படி கிளப்புக்கு உள்ள கட்டுப்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். ஆட்டம் சரியில்லை என்ற காரணத்துக்காக ஒப்பந்தத்தை முறித்தால் ஃபிஃபா விதிகளின்படி கிளப்தான் இழப்பீடு தர நேரும். மருத்துவப் பரிசோதனையில் தேறினால்தான் ஒப்பந்தம் செல்லும் என்று எழுதிக்கொள்ளவும் அந்த விதிகள் இடம் தருவதில்லை. பரிசோதனையைக் கையெழுத்துக்கு முன்பே முடித்தாக வேண்டும். ஆகவே குறுகிய ஒப்பந்தம், குறைந்த அடிப்படைச் சம்பளம், களத்தில் இறங்கும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் கூடுதல் தொகை. இவையே நியாயமான வழி.

பி ஸ்டாண்ட் வாசகர்:

வழக்கறிஞர் சொன்ன மூன்றாவது வகையில் நானும் முழுமையாக உடன்படுகிறேன். ஆனால் 2015 இறுதியாட்டம் முடிந்த இரவில் கோவா கிளப்பின் இணை உரிமையாளர் அளித்த புகாரின் பேரில் காவல்துறை எலானோவைக் கைதுசெய்து பிணையில் விடுவித்ததே, அதை எந்த வகையில் வைப்பது? 90 நிமிடம் முடிந்து நடுவர் சேர்த்துத் தந்த நேரத்தில் மெண்டோசா அடித்த கோலில் 3-2 என வென்று, வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்த சென்னைக்குக் கோப்பையைக் கொண்டுவந்த அணியின் தலைவர் அவர். அந்த வெள்ளத்தால் அரையிறுதியின் நம் ஊர் ஆட்டத்தையே புனேவில் ஆட வேண்டியிருந்தது. அந்த நாட்களை நினைத்தால் அவரை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அயனாவரம் வழக்கறிஞர்:

கோப்பையின் மீதான நன்றியும் புகாரின் மீதான விசாரணையும் வேறு வேறு. ஒன்று மற்றொன்றை அழிக்காது. அன்று நம் கொண்டாட்டத்தின் பெரும்பகுதி ஒரு காவல் நிலையச் செய்தியாக மாறியது. சூடான குணமுள்ள வீரரைச் சேர்க்கும் கிளப் அதற்கும் சேர்த்தே கையெழுத்திடுகிறது.

வியாசர்பாடி பயிற்சியாளர்:

எல்லோருக்கும் வணக்கம். நான் சிறுவர்களுக்குப் பந்து சொல்லித்தருபவன். நீங்கள் எல்லோரும் வரப்போகும் நட்சத்திரத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். அவரைப் பார்க்கப்போகும் பையன்களைப் பற்றி நான் பேசுகிறேன்.

எங்கள் பகுதியில் குடி என்பது செய்தித்தாளில் படிக்கும் பொருள் கிடையாது. திடலுக்கு வரும் பையன்களில் பலர் அதை வீட்டில் பார்த்துவிட்டு வருகிறவர்கள். காலையில் சாப்பிடாமல் வருவான். கேட்டால் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்பான். பந்து அவனை அந்த வீட்டிலிருந்து இரண்டு மணி நேரம் வெளியே வைத்திருக்கிறது. எங்கள் ஊர்ப் பையன் தன்பால் கணேஷ் 2018இல் கோப்பையை வென்ற சென்னையின் அணியில் இருந்தபோது, இந்தத் தெருவிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் அந்த அரங்கு இருக்கிறது என்பதைப் பையன்கள் முதன்முறையாக நம்பினார்கள். நடுவர் ஐயா களத்தில் நான்கு வெளிநாட்டவர் என்று கணக்குச் சொன்னார். என் கணக்கு மற்ற ஏழு இடங்களைப் பற்றியது. பெரிய பெயரை வாங்கும் பணத்தில் வடசென்னையில் எத்தனை திடல்களுக்கு விளக்குப் போடலாம், எத்தனை பையன்களுக்குச் சத்துணவும் காலணியும் கொடுக்கலாம் என்று கேட்பதை எவரும் தவறென்று சொல்ல மாட்டார்கள்.

அப்படியிருந்தும் நான் "வேண்டாம்" என்று சொல்ல வரவில்லை. காரணத்தையும் சொல்கிறேன். குடித்தவன் முடிந்துபோனான், அவனை ஒதுக்கிவிட வேண்டும் என்று பையன்கள் கேட்டே வளர்கிறார்கள். தன் அப்பாவைப் பற்றியும் அவன் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறான். நாளை தானும் அப்படித்தான் ஆவேன் என்று பயப்படுகிறான். உலகக் கோப்பை ஆடிய ஒருவர், எனக்கு இந்த நோய் இருக்கிறது, நான் சிகிச்சையில் இருக்கிறேன், இன்று பயிற்சிக்கு வந்திருக்கிறேன் என்று அவர்கள் முன்னால் நின்று சொன்னால், அதைப் போன்ற பாடத்தை என்னால் கற்றுத்தர முடியாது. ஆர்செனலின் தலைவராக இருந்த டோனி ஆடம்ஸ் 1996இல் தாம் மதுவுக்கு அடிமை என்று வெளிப்படையாகச் சொன்னார். அதன்பின் 1998இலும் 2002இலும் அதே அணிக்குத் தலைமை தாங்கி லீக்கையும் கோப்பையையும் சேர்த்து வென்றார். இடையில், 2000இல், தம்மைப் போன்ற வீரர்களுக்காக ஒரு சிகிச்சை மையத்தையும் தொடங்கினார். அவர் மறைத்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது.

ஆனால் கிளப்கள் வழக்கமாக என்ன செய்கின்றன? வீரர் இரண்டு நாள் வரவில்லையென்றால் "லேசான தசைப்பிடிப்பு" என்று அறிக்கை விடுகின்றன. பையன்கள் முட்டாள்கள் இல்லை. வீட்டில் கேட்கும் அதே பொய்யை அரங்கிலும் கேட்கிறார்கள்.

அடையாறு வாசகி:

பயிற்சியாளர் ஐயாவுக்கு என் வணக்கம். மந்தைவெளி மருத்துவர் கேட்ட "யார் இருக்கிறார்கள்" என்ற கேள்விக்கு இந்த ஊரில் விடை உண்டு என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். மது, போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை அளிக்கும் டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையை சாந்தி ரங்கநாதன் அவர்கள் 1980இல் சென்னையில் தொடங்கினார்கள். இந்திரா நகரில் உள்ள அதன் மருத்துவமனையில் நோயாளியோடு குடும்பத்தாருக்கும் ஆலோசனை வழங்கப்படுகிறது. குடியை விட முயல்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களும் நகரில் நடக்கின்றன. இத்துறையில் நாட்டுக்கே வழிகாட்டிய நகரம் இது. நம் கிளப் இத்தகைய மையம் ஒன்றோடு முன்கூட்டியே உடன்பாடு செய்துகொள்ளலாம். அந்த வசதியை நட்சத்திரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளாமல், அகாடமிப் பையன்களின் குடும்பங்களுக்கும் திறந்துவிடலாம்.

சூளை நடுவர்:

அடையாறு சகோதரியின் யோசனையை நான் மனமார வரவேற்கிறேன். நட்சத்திரம் வந்தாலும் வராவிட்டாலும் அகாடமிக் குடும்பங்களுக்கு அது தேவை. முதன்மைக் கேள்வியில் என் எதிர்ப்பு நீடிக்கிறது. ஐ.எஸ்.எல். நடத்தும் ஒப்பந்தமே சிக்கலுக்குள்ளாகி, 2025 ஜூலையில் அடுத்த சீசனை நிறுத்திவைத்ததாக கிளப்களுக்குக் கடிதம் போனதை நாம் பார்த்தோம். போட்டி எப்போது தொடங்கும், சம்பளம் எப்போது வரும் என்று ஆரோக்கியமான வீரர்களே தூக்கமின்றித் தவித்த காலம் அது. ஒழுங்கான நாள்வரிசை இருந்தால்தான் மீண்டுவரும் மனிதருக்கு நல்லது. அதைக்கூட உறுதியாகத் தர முடியாத ஒரு லீக்குக்கு அவரை அழைப்பது அவருக்கே தீங்கு செய்வதாகும்.

மந்தைவெளி பிசியோ:

நடுவர் ஐயா சொன்ன இந்தக் காரணம் எனக்கு மிகவும் வலுவாகப்படுகிறது. மெக்ராத்துக்கு வில்லாவில் கிடைத்தவற்றுள் பெரியது, அடுத்த சனிக்கிழமை ஆட்டம் உண்டு என்ற உறுதி.

பெரம்பூர் நீலம்:

எல்லோருடைய கருத்தையும் உள்வாங்கிக்கொண்டு என் நிலையைத் திருத்தமாக எழுதுகிறேன். லீக்கின் நாள்வரிசை உறுதியாகாத ஆண்டில் இப்படி ஒருவரைச் சேர்க்கக் கூடாது என்பதை ஏற்கிறேன். உறுதியான ஆண்டில் சேர்க்கலாம் என்பதில் மாற்றமில்லை. அவர் ஏற்கெனவே சிகிச்சையில் இருப்பவராக, அதைத் தாமே சொல்லத் தயங்காதவராக இருக்க வேண்டும். பிறர்மீது வன்முறை செய்து தண்டனை பெற்றவராக இருக்கக் கூடாது. ஜனவரி முதல் சீசன் முடிவு வரை மட்டுமான ஒப்பந்தமாக, ஆட்டத்துக்கு ஆட்டம் பணம் தருவதாக அமைய வேண்டும். அவருடைய மொழி பேசும் ஒருவராவது அணியில் இருக்க வேண்டும். 60ஆவது நிமிடத்துக்குப் பின் இறங்குபவராகவே அவரை முதலிலிருந்து அறிவித்துவிட்டால், 90 நிமிடமும் பழைய மனிதரை எதிர்பார்த்து ரசிகர்கள் ஏமாறவும் மாட்டார்கள், கத்தவும் மாட்டார்கள்.

பயிற்சியாளர் அண்ணாவிடம் ஒரு கேள்வி. அப்படி ஒருவர் வந்து, இரண்டு மாதத்தில் மறுபடி விழுந்து, பாதியிலேயே கிளம்பிப் போய்விட்டால், உங்கள் பையன்களிடம் என்ன சொல்வீர்கள்?

வியாசர்பாடி பயிற்சியாளர்:

தம்பி, நடந்ததைச் சொல்வேன். அவருக்கு நோய் திரும்பியது, சிகிச்சைக்குப் போயிருக்கிறார் என்று சொல்வேன். அதைச் சொல்ல கிளப் எனக்கு அனுமதி தர வேண்டும். அந்த வீரரும் கையெழுத்திடும் நாளிலேயே அதற்குச் சம்மதித்திருக்க வேண்டும். நீங்கள் எழுதிய நிபந்தனைகளோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் இங்கிருக்கும் காலத்தில் வாரம் ஒருமுறை வடசென்னைத் திடல் ஒன்றுக்கு வர வேண்டும், கேமராக்காரர்கள் வேண்டாம். ஆடக்கூட வேண்டியதில்லை, ஓரத்தில் உட்கார்ந்து பையன்கள் ஆடுவதைப் பார்த்தால் போதும். இந்த இரண்டுக்கும் கிளப் சம்மதித்தால் என் ஆதரவு உங்கள் பக்கம்.